முந்தானையில் ஒரு மைக்

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். சொல்லி முடிக்க மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் அது இன்றைக்குப் பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் எந்த நிமிஷத்திலும் இந்த டிவியிலிருந்து என் குரலிலேயே வந்து விழலாம். விழுந்தால், எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் ஜெயக்கொடி அக்கா அதைக் கேட்பாள். கேட்ட பிறகு நான் இந்த வீட்டில் எந்த மூஞ்சியோடு நடமாடுவது என்று நாலு மாதமாக யோசித்துவிட்டேன், ஒரு வழியும் தெரியவில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகள் வேலை வேலை என்று ஊர் ஊராகப் போயாயிற்று, விருதுநகரில் இத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகள்தான் மிச்சம். நிகழ்ச்சி தொடங்க இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு குழந்தை சோப்பு நுரையைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரி, உனக்கென்ன. அக்கா, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டு கனி, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்கிறாள். ரிமோட்டை எடுத்து மூன்று புள்ளி கூட்டுகிறேன், அவள் முறுக்கு டப்பாவுக்குள் கையை விடும்போது நாலு புள்ளி குறைக்கிறேன். இதற்குப் பெயர் திருட்டுத்தனம் என்று எனக்குத் தெரியும். கரண்டு போனால் நன்றாக இருக்கும். தினமும் பதினொரு மணிக்குப் போகிற கரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாது, அந்த ஆபீஸ்காரர்களுக்கும் டிவி பார்க்க வேண்டுமே.

தொடங்கிவிட்டது. "பழைய வாசல்" என்று எழுத்து வருகிறது, எழுத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு நிலைக்கதவு வருகிறது, கதவுக்கு முன்னால் அந்தத் தாடி வைத்த பிள்ளை அபிநந்த் வந்து கும்பிடுகிறான். பழைய வீடுகளைத் தேடிப் போய்ச் சரிசெய்து கொடுக்கும் நிகழ்ச்சி, பதினேழாவது வாரம், பதினேழாவது வீடு எங்களுடையது. போட்டோ எடுத்து அனுப்பி இதை இழுத்துவிட்டவன் அக்கா மகன் இளவரசு. மேல்மாடி உத்திரம் உளுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது, மழை பெய்தால் என் பக்கம் நாலு குண்டான், அக்கா பக்கம் ஐந்து குண்டான் வைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் செலவிலேயே செய்து தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா. ஆனால் வந்து பார்த்த டைரக்டருக்கு உத்திரமும் ஒழுக்கும் கண்ணிலேயே படவில்லை. வீட்டுக்கு நடுவே போன சுவர்தான் பட்டது. பட்டாசாலைக் கூடத்தின் கடைசியில் தொடங்கி, முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பின்கட்டுக் கிணறுவரை ஏழடி உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர். அதைப் பார்த்ததும் அந்த ஆள் முகத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தகப்பனின் சந்தோஷம். "இதுதாங்கம்மா நம்ம எபிசோடு" என்றார். இப்போது திரையிலும் அந்தச் சுவரைத்தான் மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள், பின்னால் ஒருத்தர் புல்லாங்குழல் வாசிக்கிறார். அபிநந்த் சொல்கிறான், இது வெறும் சுவர் அல்ல, இரண்டு இதயங்களைப் பிரித்த சுவர் என்று. அக்கா கடிப்பதை நிறுத்திவிட்டாள். என்ன நினைக்கிறாளோ. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்த முகம், அந்த மூக்குத்தி, அந்த மோவாய், எல்லாம் மொத்தமாக என் மேல் வந்து விழும்.

இரண்டு இதயமாவது. சுவர் கட்டினது எங்களுக்குள் சண்டை என்று இல்லை. அண்ணனும் தம்பியும் கிணற்றில் மோட்டார் எந்தப் பக்கம் வைப்பது என்று ஆரம்பித்தார்கள், அது போய், சின்ன வயதில் யார் யாரை அடித்தது என்பதுவரை வந்து, தொண்ணூற்று ஐந்தில் ஒரு வாரத்துக்குள் கொத்தனாரை வைத்து எழுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம். அதுவரை அக்காவும் நானும் ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டு கிடந்தோம். நான் உப்புப் போட்டால் அவள் ருசி பார்ப்பாள், அவள் கோலம் போட்டால் நான் கோணல் சொல்வேன், ஒருத்தி முந்தானை ஒருத்திமேல் பட்டால்கூடச் சுருக்கென்று இருக்கும். சுவர் எழும்பின அன்றைக்கு நான் என் பக்கத்துத் துவைக்கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமும் துணி அடிக்கிற சத்தம். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ கனி, சவுக்காரம் இருக்கா?" என்று குரல் வந்தது. சவுக்காரக் கட்டியைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டேன். பிடித்துவிட்டாள். அன்றைக்குத் தொடங்கினோம். அண்ணனும் தம்பியும் சாகிறவரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, நாங்கள் முப்பது வருஷம் பேச்சை நிறுத்தவில்லை. அக்கா எனக்கு முன்னால் நின்று சொல்ல முடியாததையெல்லாம் சுவரிடம் சொன்னாள், சுவர் என்னிடம் சொன்னது. அவள் வீட்டுக்காரர் பெரியவருக்குச் சாத்தூரில் ஒரு தொடுப்பு இருந்ததை அப்படித்தான் சொன்னாள், துணியைப் பிழிந்துகொண்டே. எனக்குக் கருப்பையை எடுத்தபோது இனிமேல் நான் பொம்பளைதானா என்று நான் கேட்டதும் அந்தச் சுவரிடம்தான். அவள் அதற்கு, "போடி, அது போனா நாப்கின் செலவு மிச்சம்" என்றாள், நான் தையல் பிரியச் சிரித்தேன். அவள் அப்போது சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததில்தான் சௌகரியமே இருந்தது.

இப்போது திரையில் நான். ஐயோ, என்ன இது, கழுத்தெல்லாம் இப்படியா இருக்கிறது எனக்கு. சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, முப்பது வருடப் பிரிவு எப்படி இருந்தது என்று அபிநந்த் கேட்கிறான். நான் கண்ணைத் துடைக்கிறேன். அன்றைக்குச் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தார்கள், கண்ணில் தூசி, துடைத்தேன், அவ்வளவுதான். அதற்கு வயலின் போட்டுவிட்டார்கள். வயலினைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம், பாவம் இந்த அம்மா, எவ்வளவு பட்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. அக்கா, "நல்லாத்தான் அழுதிருக்க" என்கிறாள். "தூசிக்கா" என்கிறேன். அவ்வளவோடு பேச்சு நின்றுவிடுகிறது. நாலு மாதமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான். பால் வந்துச்சா, வந்துச்சுக்கா. கேஸ் புக் பண்ணிட்டியா, பண்ணிட்டேன்க்கா. அடுத்து சுவரை இடிக்கிறார்கள். எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒரே சம்மட்டியைக் கொடுத்து முதல் அடி அடிக்கச் சொன்னார்கள், சுவர் அசையவில்லை, டைரக்டர் இன்னொரு தடவை என்றார், அதற்கும் அசையவில்லை. வேலைக்கு வந்த கொத்தனார், "வீட்டவிட இந்தச் சொவருதான் சார் கெட்டி, கோவத்துல கட்டுனது" என்றார். கடைசியில் மிஷின் வைத்துத்தான் உடைத்தார்கள். அந்தக் கொத்தனார் சொன்னதைக் காணோம், வெட்டிவிட்டார்கள் போல. அப்படியானால் வெட்டுவார்கள். வேண்டாததை வெட்டுவார்கள். இதை நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது. உடனே இன்னொன்றும் வருகிறது, வேண்டியதை வைத்துக்கொள்வார்கள். ஓரகத்தி ஓரகத்தியைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் டிவிக்காரனுக்கு வேண்டியதா வேண்டாததா. சுவர் சரிகிறது, புழுதி எழும்புகிறது, புழுதிக்குள்ளிருந்து விளம்பரம் வருகிறது.

விளம்பரம் ஓடும்போது அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். அவள் வரும் சத்தம், செம்பு வைக்கும் சத்தம், நாற்காலி முனகும் சத்தம். முன்பும் இந்தச் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அப்போது சத்தத்தோடு ஆள் வரவில்லை. சுவர் போன மறுநாள் காலையில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன், எதிரே அக்கா தலையை விரித்துப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் திகைத்துப் போனோம். முப்பது வருஷத்தில் விசேஷ வீட்டிலும் எழவு வீட்டிலும் பார்த்திருக்கிறோம்தான், அப்போதெல்லாம் தலை சீவி, பட்டு கட்டி, பவுடர் போட்டுப் பார்த்தது. இது வேறு. இது பல் துலக்காத அக்கா. அன்றைக்குத் துணி துவைக்கும்போது எதிரெதிரே உட்கார்ந்தோம், நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் என்னைப் பார்த்தாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான் பேசும்போது அவள் புருவம் மேலே போகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் பேசும்போது நான் மூக்கைச் சொறிகிறேனாம், அதை அவள் வேலைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் அடுப்படிச் சண்டை முப்பது வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டது. நான் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்துக்குத் தேங்காய் கூடப் போட்டால் எட்டிப் பார்க்கிறாள், அவள் குழாயைச் சரியாக மூடாவிட்டால் நான் போய் மூடுகிறேன், மூடும்போது சத்தம் வர மூடுகிறேன். இதற்குள் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கேமராவும் விளக்கும் வைத்துக்கொண்டு, அம்மா சிரிங்க, அம்மா ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க என்று. இரண்டு மாதம். நிகழ்ச்சி டிவியில் வருகிறவரை வீட்டில் எதையும் மாற்றக் கூடாது என்று முதலிலேயே கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள்.

ஷூட்டிங்கின் கடைசி நாள். அதைத்தான் என் புத்தி சுற்றிச் சுற்றி வருகிறது, செக்கு மாடு மாதிரி. அன்றைக்குக் காலையிலேயே சவுண்டுக்காரர் ஐசக் வந்து என் முந்தானைக்குள் அந்தச் சின்ன மைக்கை மாட்டிவிட்டார். ஐம்பது வயது இருக்கும், வழுக்கை, ரொம்ப மரியாதையான மனிதர், மாட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டாசாலையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் நாள் பூரா அதைச் சுமந்ததில், மூக்குத்தி போட்டிருப்பது எப்படி ஞாபகம் இருக்காதோ அப்படி அதுவும் ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. மத்தியானம் மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். அடுப்படிக்குள் போய் ஜன்னல் பக்கம் நின்று பேசினேன். எப்பிடிம்மா இருக்கு, பெரியம்மாவும் நீயும் ஒண்ணாயிட்டீங்களாமே என்றாள். அவள் சந்தோஷமாகக் கேட்டாள், எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என்னென்னவோ பேசினேன், ஐந்து நிமிஷம் இருக்கும், எல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. "இவ எப்படா போய்ச் சேருவான்னு இருக்குடி எனக்கு" என்றேன். சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்தது, நாக்கில் இன்னும் அந்தச் சொல்லின் ருசி இருக்கிறது. தேன்மொழி, என்னம்மா இப்படிப் பேசுற என்றாள். பொழுது சாயும்போது ஐசக் வந்து மைக்கைக் கழற்றினார். கழற்றிக்கொண்டே, "அம்மா, இது காலையிலேர்ந்து ஆன்லதாம்மா இருந்துச்சு" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டாரா கேட்கவில்லையா என்று அந்த வழுக்கையில் எழுதியா இருக்கிறது.

ஒரு மனுஷியைச் சாகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரை. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கனி, தூங்கிட்டியா? தூங்காத, பேசு, நான் கேக்குறேன்" என்றவளை. ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு நிகழ்ச்சி தொடங்கும்போது, இந்த வாரம் எங்கள் வீடா என்று பிட்ட இட்லியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்ப்பேன். வேறு வீடாக இருக்கும், நிம்மதியாக இட்லி இறங்கும். போன திங்கள்கிழமை டிவி கம்பெனியிலிருந்து போன் வந்தது, இந்த வாரம் உங்க வீடும்மா என்று. இந்த ஆறு நாளில் எனக்கு நினைவு தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டாயிற்று. டைரக்டருக்குப் போன் பண்ணி அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்று மூன்று தடவை நம்பரை எடுத்தேன். என்ன சொல்வது, எங்க ஓரகத்தி சாகணும்னு நான் சொன்ன இடத்தை வெட்டிருங்க தம்பி என்றா. ஒருவேளை அவர் கவனிக்காமல் இருந்தால் நானே போய்க் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா. விளம்பரம் முடிந்துவிட்டது. உத்திரம் மாற்றுவதைக் காட்டுகிறார்கள், தளம் பூசுவதைக் காட்டுகிறார்கள், பழைய கதவைச் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதைக் காட்டுகிறார்கள். கதவு நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஒழுகாத வீடு, குண்டான் வைக்காத மழைக்காலம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்கிறேன், இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் என்னைக் காப்பாற்றிவிட்டால் வருஷம் பூராவும் சொல்கிறேன்.

அடுப்படி ஜன்னல். என் அடுப்படி ஜன்னல் திரையில். வெளியிலிருந்து எடுத்திருக்கிறார்கள், கம்பிக்குப் பின்னால் நான், காதில் போன், பச்சைக் கரை போட்ட அரக்குப் புடவை. அதே புடவை. அதே நாள். வெளியே கேமரா நின்றது எனக்குத் தெரியவே தெரியாதே. ரிமோட் எங்கே, ரிமோட் அக்கா மடியில் இருக்கிறது, எப்போது எடுத்தாள். திரையில் என் வாய் அசைகிறது. மெதுவாக, ரொம்ப மெதுவாக அசைகிறது, இழுத்து இழுத்துக் காட்டுகிறார்கள். இந்த அசைவு எந்தச் சொல். போய் என்பதற்கு உதடு குவியும். இதோ குவிகிறது. இதுதான். வருகிறது. வந்தே விட்டது. வீணை. வீணையும் புல்லாங்குழலும் சேர்ந்து, ஏதோ கல்யாண வீட்டில் பெண் அழைக்கிற மாதிரி. அதற்குமேல் அபிநந்தின் குரல், குழைந்து குழைந்து, "பிரிந்த குடும்பம் ஒன்றான மகிழ்ச்சியைத் தன் மகளோடு பகிர்ந்துகொள்கிறார் ராஜகனி அம்மா." நான் திரையில் கையை ஆட்டி ஆட்டி அக்காவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், வீணை வாசித்துக்கொண்டிருக்கிறது. என் குரல் ஒரு சொட்டுகூட இல்லை. ஜன்னல் போய்விட்டது. அடுத்து மொட்டை மாடி. அதற்கடுத்துப் புறா. புறாவே, நீ நன்றாக இரு. தாடை வலிக்கிறது, இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது. இரண்டையும் மடக்கி விழுங்கிக்கொண்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்கிறேன். என்ன ருசி. நாலு மாதத்தில் நான் ருசித்துத் தின்ற முதல் பண்டம் இதுதான், இதைச் சுட்டது அக்கா.

கடைசியில் கட்டிப்பிடிக்கிற காட்சி. முற்றத்தில், சுவர் இருந்த இடத்தில், இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து நடந்து வந்து கட்டிப்பிடிக்க வேண்டும். மூன்று தடவை எடுத்தார்கள். முதல் தடவை நான் அவள் காலை மிதித்தேன், இரண்டாவது தடவை அவள் மூக்குத்தி என் தலைமுடியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை எடுத்ததைத்தான் காட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறோம். பெயர்கள் ஓடுகின்றன, நன்றி நன்றி என்று ஓடுகிறது, மறுபடி சோப்பு நுரைக் குழந்தை வந்துவிட்டது. முடிந்துவிட்டது. எழுந்து போய் உலை வைக்கலாம் என்று முறுக்கு டப்பாவை மூடுகிறேன். அக்கா டிவியைப் பார்த்தபடியே இருக்கிறாள். குழந்தையைப் பார்த்தபடியே கேட்கிறாள்.

"ரொம்பப் பயந்துட்டியோ?"

"எதுக்குக்கா?"

"அடுப்படில பேசுனது வந்துருமோன்னு."

நானும் குழந்தையைப் பார்க்கிறேன். வேறு எங்கே பார்ப்பது. வாயில் இருந்த முறுக்கு அப்படியே நிற்கிறது. அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். அன்றைக்கு மத்தியானம் அவள் பட்டாசாலையில் ஐசக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். இதுல என்னய்யா கேக்கும் என்று கேட்டாளாம். கேட்டுப் பாருங்கம்மா என்று அவர் ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாராம். மாட்டினதும் என் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"முழுசும் கேட்டேன்."

"அக்கா..."

"அவரு வந்தப்பறம் நான்தான் சொன்னேன். இந்தச் சத்தம் டிவியில வரக் கூடாது, எந் தங்கச்சி மானம் போயிரும்னு. பாட்டப் போட்டு மூடிருவோம்மான்னாரு. சொன்னபடி மூடிட்டாரு, நல்ல மனுசன்."

"அக்கா, நான் அத மனசாரச் சொல்லலக்கா. வாயில வந்துருச்சு. நீங்க செத்தா நான் என்ன ஆவேன்."

"அத விடு. நானும் உன்ன மனசுக்குள்ள ரெண்டு தடவ பாடையில ஏத்திட்டேன். எம் முந்தானையில மைக் இல்ல, அதான் வித்தியாசம்." குரலைத் தாழ்த்துகிறாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்ன பாரு. சொவரு இருந்த வரைக்கும் ஜெயாக்கா எனக்குத் தாய்க்குத் தாயா இருந்தா, எந்திரிச்சதும் அவ சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு விடியும், இப்ப அந்த அக்காவக் காணாமேன்னு. முப்பது வருசத்துல எங்கிட்ட ஒருநா அப்படிச் சொல்லிருக்கியா?"

நான் அப்படியா சொன்னேன். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்து நிமிஷம் பேசியிருக்கிறேன், அதில் தாயும் இருந்திருக்கிறாள், விடியலும் இருந்திருக்கிறது, என் புத்தி போய் அந்த ஒரு விஷத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவந்து நாலு மாதமாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணில் இப்போது தூசி இல்லை. வயலினும் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொள்கிறேன்.

"கேட்டுட்டு ஏங்க்கா நாலு மாசமா ஒண்ணும் சொல்லல?"

"மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிடி சொல்ல?" என்கிறாள் அக்கா, குழந்தையிடம்.

அதுவும் சரிதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சோப்பு விளம்பரம் பார்க்கிறோம். பிறகு அவள் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்து டிவியை அணைக்கிறாள். "கையெழுத்துப் போட்டது இன்னையோட முடிஞ்சுச்சு. கொத்தனாருகிட்டச் சொல்லிட்டேன், புதன்கிழம வாரேன்னிருக்காரு."

"எவ்வளவு ஒசரம்?"

"பழைய ஒசரம்."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போகிறது. இறங்கிப் போன பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிகிறது. அக்கா போன் அடிக்கிறது, இளவரசு. ஸ்பீக்கரில் போடுகிறாள். "அம்மா, நீங்களும் சித்தியும் கட்டிப்பிடிச்சீங்கல்ல, ஆபீஸ் பிரெண்ட்ஸ் எல்லாரும் அழுதுட்டாங்கம்மா, நானும் அழுதுட்டேன்." அக்கா, "ஆமாய்யா, நல்லாருந்துச்சு" என்கிறாள். "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கீங்க?" என்று கேட்கிறான். "பக்கத்துலதான் இருக்கா" என்று சொல்லிப் போனை வைக்கிறாள். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரைக்கும் என்னால் முடியாது. எழுந்து என் நாற்காலியைத் தூக்கி என் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன். எனக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி திரும்புகிற சத்தம் கேட்கிறது.

"ஏக்கா, இருக்கீங்களா?" என்கிறேன்.

"இருக்கேன், சொல்லு கனி" என்று குரல் வருகிறது.